பேச்சு கேட்கிற பிள்ளை

கண்டி மறைமாவட்டத்தின் தோட்டப்புற ஆலயங்களில் ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியைகளுக்கும் ஆசிரியர்களுக்கும்,



இன்னும் சில வாரங்களில் திருநீற்றுப் புதன் வந்துவிடும். வழக்கம்போலப் பிள்ளைகள் கையில் அந்தச் சின்ன அட்டை உண்டியலைக் கொடுப்பீர்கள். ஒறுத்தல் என்றால் என்ன, தியாகம் என்றால் என்ன, பெரியவர்களுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பீர்கள். இருபத்தெட்டுத் தவக்காலங்களில் நானும் இதையேதான் செய்தேன். தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆலயம். தகரக் கூரை, ஆறு வாங்கு, சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் படம். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் நான் சொல்வது பின்வாங்குப் பிள்ளைகளுக்குக் கேட்காது. அப்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டுச் செபமாலை சொல்வோம்.

இப்போது வயது அறுபத்தெட்டு. முழங்கால் இடம் கொடுக்காததால் மலையேறுவதை விட்டுவிட்டுக் கண்டி டவுனில் மகன் வீட்டோடு இருக்கிறேன். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கீழ்ப்படிதல் பாடத்தை நான் பிழையாகச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லாமல் நான் கண்மூட முடியாது.

உறுதிப்பூசுதல் வகுப்பில் இருந்தாள். பதினைந்து வயது. பெயர் வேண்டாம். வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் ஓடிய பிறகு வாங்குகளைச் சுவரோரம் தள்ளி வைக்க எப்போதும் நிற்பவள் அவள்தான். அன்று வாங்கைத் தள்ளிய பிறகும் போகவில்லை. பிளாஸ்ரிக் செபமாலையைச் சுட்டுவிரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. “டீச்சர், அப்பா என்னைய கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் போறாரு. எனக்குப் பயமா இருக்கு. படிக்கணும் டீச்சர்.”

அப்பா கெட்ட மனுசன் இல்லை. அடகுக்கடையில் இருந்த நகையை மீட்க வழியில்லாமல் தரகரிடம் முற்பணம் வாங்கிவிட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: “அப்பா அம்மா பேச்சைக் கேக்குறது நாலாம் கட்டளை. கஷ்டத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. அது பெரிய தியாகம்.” அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, “சரி டீச்சர்” என்றாள். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போய்விட்டாள்.

இரண்டரை வருசம் கழித்து வந்தாள். வலது முன்கையில் இஸ்திரிப்பெட்டியின் நுனி வைத்த அளவுக்கு ஒரு தழும்பு. ஆலயத்துக்கு அதன் பிறகு அவள் வந்ததில்லை. லயத்துக்குப் போய் இஸ்தோப்பில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். “நீங்க என்ன செய்வீங்க டீச்சர், நான் பேச்சு கேட்டேன்” என்றாள். குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது.

அந்தச் சுவரில் இருந்த படத்தைப் பற்றி இனிப் பேசுகிறேன். நம் பிள்ளைகளுக்கு வாஸ் அடிகளாரைப் பற்றித் தெரிந்தது ஒரு கதைதான்: கண்டியில் மழையில்லாத காலத்தில் அவர் செபித்தார், மழை கொட்டியது, அவரும் பீடமும் நனையவில்லை. அழகான கதை. சொல்லுங்கள். ஆனால் அவர் கீழ்ப்படிந்த விதம் அந்தக் கதைக்குள் இல்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனாலிம் ஊரில் பிறந்தவர். கொங்கணிப் பிராமண மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பம். குருவான மறு ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி, தன்னை மரியன்னைக்கு அடிமையாக எழுதிக் கொடுத்து ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டார். அடிமைச் சாசனம் என்றே அதைச் சொல்கிறார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் குருக்களைத் துரத்திவிட்டார்கள், அங்குள்ள கத்தோலிக்கர் பூசையின்றித் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டது முதல் இங்கே வரத் துடித்தார். மேலிடமோ 1681இல் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பியது. மனம் இலங்கையில் இருக்க, கால் கன்னடத்துக்குப் போனது. அங்கே மூன்று வருசம் உண்மையாய் உழைத்தார். திரும்பி வந்தும் ஆசையை விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். 1686இல்தான் புறப்பட முடிந்தது.

அந்த மூன்று வருசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதை விட்டுவிடாதீர்கள். கீழ்ப்படிந்தவர் தன் ஆசையைக் கொன்றுவிடவில்லை. வாயையும் மூடிக்கொள்ளவில்லை.

1687இல் தூத்துக்குடி வழியாகக் கடல் தாண்டி வடக்கே வந்து இறங்கினார். எப்படி வந்தார் தெரியுமா? கூலியாள் வேசத்தில். அங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டும் கழுத்தில் செபமாலையுமாக, யாழ்ப்பாணத்து வீதிகளில் கையேந்தி நடந்தார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு என்று கண்டுகொண்டார்.

‘கூலி’ என்ற சொல் நமக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாடசாலையில், பஸ்ஸில், கந்தோரில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிப்போனவர்களின் பிள்ளைகள் நாம். வாஸ் அடிகளார் வந்து நூற்று நாற்பது வருசம்போலக் கழித்து, அதே கடலைத் தாண்டி நம் பாட்டன் பூட்டன்மார் வந்தார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். வழியில் விழுந்து செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர் அந்தத் துண்டை விரும்பிக் கட்டினார். அவிழ்த்துப்போட அவரால் முடியும். கோவாவில் அவருக்கு மடம் இருந்தது, குலம் இருந்தது, படிப்பு இருந்தது. நம் ஆட்களுக்கு அவிழ்த்துப்போட்டு மாற்றிக்கட்ட வேறு துணி இல்லை. கீழ்ப்படிதலையும் தியாகத்தையும் பற்றி நான் இந்த மடலில் சொல்ல வருவது இதுதான்: உயரத்தில் நின்றவர் தாமே இறங்கினால் அது தியாகம். ஏற்கெனவே கீழே கிடப்பவரை இன்னும் கீழே படு என்று சொல்லிவிட்டு அதற்கும் அதே பெயரை வைக்கக்கூடாது. நான் வைத்தேன்.

இன்னொன்றையும் பாருங்கள். கன்னடத்துக்குப் போ என்றபோது போன இதே மனிதர், ஒல்லாந்தர் சட்டத்துக்குக் கீழ்ப்படியவே இல்லை. கத்தோலிக்கக் குரு தீவுக்குள் இருப்பதே குற்றம், இடங்கொடுப்பவருக்கும் கடும் தண்டனை என்ற காலத்தில், இரவு இரவாகப் பூசை வைத்தார். சில்லாலையில் ஒளிந்திருந்தார். பிறகு புத்தளம், அங்கிருந்து 1692இல் கண்டி. போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று யாரோ கோள் சொல்ல, வேறு இரண்டு கத்தோலிக்கரோடு அவரையும் சிறையில் அடைத்தார்கள். அந்தச் சிறையில் சிங்களம் கற்றார். காவல் கொஞ்சம் தளர்ந்ததும் வளவுக்குள்ளேயே ஒரு குடிசைக் கோயில் கட்டினார். பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் பிறகு அவரை விடுவித்து நாடெங்கும் நடமாட இடம் கொடுத்தார். பெரியவர் சொன்னால் எதற்கும் தலையாட்டுபவரை நம் திருச்சபை பீடத்தில் ஏற்றவில்லை, தங்கச்சி. எந்தப் பேச்சைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று நிதானித்து அறிந்தவரை ஏற்றியிருக்கிறது.

1697இல் கண்டியில் அம்மை பரவியது. நோய் வந்தவர்களைச் சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வசதியுள்ளவர்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளாரும் கோவாவிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த அவருடைய மருமகன் யோசேவ் கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. நோயாளிகளுக்குத் தங்க இடம் செய்து கொடுத்தார்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே புதைத்தார்கள். கிறிஸ்தவர், பௌத்தர் என்று பார்க்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்; கொரோனா நாட்களில் லயத்தில் ஒரு காம்பராவுக்குள் ஏழெட்டுப் பேர் அடைபட்டுக் கிடந்ததை அவர்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பார்கள், உடனே விளங்கும். அந்த இடத்தில் தியாகம் செய்தது யார், அதனால் பிழைத்தது யார் என்று கேளுங்கள். தானாக நின்ற குரு தன் உயிரை வைத்தார். கைவிடப்பட்ட நோயாளி பிழைத்தான். நான் அந்தப் பெண்பிள்ளையிடம் சொன்ன தியாகத்தில் இது அப்படியே தலைகீழ். அவள் உடம்பை வைத்தாள், தரகர் பிழைத்தார்.

ஆயர் பொறுப்பு தேடி வந்தபோது வாஸ் அடிகளார் வேண்டாம் என்றார். கோவாவுக்குத் திரும்பவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே உயிர் விட்டார். சில பத்தாண்டுகளில் காலம் மாறிக் குருக்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆலயமும் போனது, கல்லறை இருந்த இடமும் மறந்துபோனது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நம் தோட்டங்களிலிருந்தும் பஸ் பிடித்துப் போனோம். விடிய முன்னமே போய்ப் புல்லில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். வணங்குவதற்கு எலும்புகூட மிஞ்சாத புனிதருக்காக அவ்வளவு சனம்.

இனி நம் பக்கத்துக் கதை.

இந்த மலைகளில் கீழ்ப்படிதலைச் சொல்லிக்கொடுத்தது கோயில் மட்டும் அல்ல. கோயிலோடு கூடவே சட்டமும் சொல்லிக்கொடுத்தது. கோப்பித் தோட்டக் காலத்தில், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், துரையின் உத்தரவுக்குப் பணியாமை, மரியாதைக் குறைவு, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது ஆகிய எல்லாவற்றையும் குற்றமாக்கி மூன்று மாதம் வரை சிறையில் தள்ள வழி வைத்தது. வேலைக்காரன் முதலாளிக்குக் கீழ்ப்படியாதது சிவில் வழக்கு அல்ல, குற்றம். இதற்குப் பத்துப் பதினொரு வருசம் முன்னே, 1854இல், கண்டிப் பக்கத்துத் தோட்டங்களை மையமாக வைத்துத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அது அங்கிலிக்கரின் வேலை. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். அந்த உபதேசிமார் நடந்த நடைக்கும் பட்ட பாட்டுக்கும் நான் தலைவணங்குகிறேன். எழுத்தறிவு பல லயங்களுக்கு அவர்கள் வழியாகத்தான் வந்தது. ஆனால் துரை கொடுத்த காசில் நடக்கும் பிரசங்கத்தில், வேலைக்காரர் எசமானுக்குப் பணியுங்கள் என்ற திருமுகப் பகுதி வாயில் வருவது சுலபம். கூலியைப் பிடித்து வைத்த நிலக்காரனை யாக்கோபு சாடும் பகுதி வருவது கடினம். என் சின்ன வயதில் எங்கள் கத்தோலிக்க ஆலயத்திலும் முதலாவதைத்தான் அடிக்கடி கேட்டேன். இரண்டாவதை நானாகப் படித்தபோது எனக்கு நாற்பது வயது.

காலை பிரட்டுக்களத்தில் பேர் போடும்போது நிற்பது போலவே பூசையில் நின்றோம். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை, பிறகு சாமி, பிறகு கடவுள். எல்லாம் ஒரே படிவரிசையாகவே தெரிந்தது. பெண்களுக்கு அந்த வரிசையில் இன்னொரு படி: புருசன். மலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று வந்ததே 1984இல்தான். அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிய தோட்டங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விடிய நாலு மணிக்கு எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கு கட்டி மலைக்குப் போய், சொன்ன கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று அரைநாள் கூலி வாங்கி, இருட்டியதும் வந்து அடுப்பு மூட்டும் அந்தத் தாயிடம் போய், தவக்காலத்தில் எதையாவது தியாகம் பண்ணு என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது?

திருச்சபைச் சட்டமே இந்த இடத்தில் நம்மைவிட இரக்கமானது. நோன்புக் கடமை பதினெட்டு வயதுக்கு மேல்தான். அறுபது தொடங்கினால் அதுவும் இல்லை. இறைச்சி தவிர்க்கும் கடமை பதினான்கு வயதுக்கு மேல்தான். கடினமான உடலுழைப்புச் செய்பவர்களுக்கு விலக்குக் கொடுப்பது பழைய வழக்கம். காலைச் சாப்பாடு இல்லாமல் வகுப்புக்கு வந்த எட்டு வயதுப் பிள்ளையிடம், ஒருவேளைச் சாப்பாட்டை இயேசுவுக்காக விடு என்று சொன்ன ஆசிரியைகளில் நானும் ஒருத்தி.

‘கீழ்ப்படிதல்’ என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, நம் லயத்துப் பேச்சில் இதற்கு என்ன சொல்கிறோம் என்று பாருங்கள். “பேச்சு கேக்குற புள்ள” என்கிறோம். “சொல் கேளாத பய” என்கிறோம். நம்மிடம் கீழ்ப்படிவது என்றால் கேட்பது. வேதாகமத்து மொழிகளிலும் அப்படித்தான் என்று அம்பிட்டிய குருமடத்தில் படித்த ஒரு சாமி சொல்லித் தெரிந்துகொண்டேன். கிரேக்கத்தில் கீழ்ப்படிதலுக்கு உரிய சொல்லுக்குள்ளும் காதால் கேட்பதுதான் இருக்கிறதாம். ஆனால் தமிழில் இன்னொரு சிறப்பு இருக்கிறது. செவிமடுப்பதும் கேட்பது, வினாவுவதும் கேட்பது. ஒரே சொல். பேச்சு கேட்கிற பிள்ளை கேள்வியும் கேட்கும் பிள்ளை. இரண்டில் ஒன்றை நாம் வெட்டிவிட்டோம்.

மரியன்னையைப் பாருங்கள். அடிமை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் முன்னே அவர் வானதூதரிடம் கேள்வி கேட்டார், இது எப்படி நடக்கும் என்று. வானதூதர் கோபிக்கவில்லை, பதில் சொன்னார். பதிலைக் கேட்ட பிறகே ஆகட்டும் என்றார். லூக்கா எழுதிய வரிசை இதுதான். ‘ஆகட்டும்’ என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு நாடகமாக நடிக்க வைக்கிறோம், கேள்வியை விட்டுவிடுகிறோம். கெத்சமனியில் ஆண்டவரும் மூன்று முறை கேட்டார், இந்தக் கிண்ணம் தன்னை விட்டுப் போகாதா என்று. மகன் தந்தையிடம் கேட்டது பாவம் ஆகவில்லை. பயமாக இருக்கிறது, படிக்கவேண்டும் என்று என் முன்னால் நின்று சொன்ன பிள்ளை கெத்சமனியில் நின்றாள். நான் நித்திரை கொண்ட சீடர்களோடு சேர்ந்துகொண்டேன்.

நீதித்தலைவர்கள் நூலில் இப்தாவின் மகள் கதை இருக்கிறது. மறைக்கல்வி நூல்களில் அதைப் போடமாட்டார்கள். போரில் வென்றால் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவேன் என்று தகப்பன் நேர்ந்துவிட்டார். மகள் ஆடிப்பாடி எதிரே வந்தாள். தகப்பன் தன் வாக்கை நினைத்துப் புலம்பினார். மகள் பேச்சு கேட்டாள். இரண்டு மாதம் தவணை மட்டும் கேட்டு, தோழிகளோடு மலைகளுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். ஆபிரகாமின் கையைத் தடுக்க வந்த தூதர் அவளுக்கு வரவில்லை. ஆண்டுதோறும் நான்கு நாள் இஸ்ரயேல் பெண்கள் அவளுக்காகத் துக்கம் கொண்டாடினார்கள் என்று அந்தக் கதையை நூல் முடிக்கிறது. தகப்பன் செய்த நேர்த்திக்கு மகளைக் கொடுக்கும்படி கடவுள் கேட்டார் என்று அங்கே எங்கும் எழுதப்படவில்லை. பல வருசமாக அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைப்பேன். இப்போது நம் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டவேண்டும் என்று சொல்கிறேன். மலைக்குப் போய் அழுத பெண்பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியும்.

2021 ஜூலையில் நம் மலையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஊர் ஊராக மெழுகுதிரி ஏற்றினோம். அன்று இரவு என் கைத்திரி அணைந்து அணைந்து போனது. காற்றுத்தான் காரணம், ஆனால் எனக்கு அந்த முன்கைத் தழும்பே கண்ணில் நின்றது.

இறங்கி வந்தவர்கள் நம் காலத்திலும் கண்டியில் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் வகுப்பில் சொல்லுங்கள். லியோ நாணயக்கார ஆண்டகை 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்தவர். பெயர்பெற்ற கல்லூரிகளும் பேராலயமும் உள்ள பெரிய மறைமாவட்டம். 1972இல் பதுளை புது மறைமாவட்டமாகப் பிரிந்தபோது, அந்தப் பின்தங்கிய பக்கத்துக்குத் தாமே போய் முதல் ஆயரானார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதே 1972இல்தான் இயேசுசபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தோட்டத்து மக்களின் குடியுரிமை, கூலி, பசி பற்றிப் பேசிய இடம் அது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்த நேரம் எனக்குப் பதின்ம வயது. மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத நாட்கள். எங்கள் லயத்தில் இரண்டு கிழவர்கள் ஒரே கிழமையில் போனார்கள். அப்போது நம்மைப் பொறுமையாக இருக்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். இது அநியாயம் என்று எழுதியவர்கள், பேசியவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவர் கஸ்பர்ஸ் அடிகளார். படிப்பும் பேரும் உள்ள பறங்கியர் குலத்துக் குரு, தன் சபையில் கொடுத்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டை மீறாமலே, பெரிய இடங்களுக்குப் பிடிக்காததைச் சாகும்வரை சொன்னார்.

கிறிஸ்தவ வாழ்வில் கீழ்ப்படிதலும் தியாகமும் வேண்டாம் என்று இந்தக் கிழவி சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். அவை இல்லாமல் நம் சமயமே இல்லை. சிலுவையை எடுத்துவிட்டால் நம் ஆலயத்தில் தகரம்தான் மிஞ்சும். ஐந்து வருசம் படுக்கையில் கிடந்த மாமியாருக்கு மலம் அள்ளிய ஒரு பெண்ணை நம் தோட்டத்தில் நான் அறிவேன். யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. நாத்தனார்மார் வேண்டாம் என்றும் சொன்னார்கள். “எனக்குச் செய்யணும்னு இருக்கு டீச்சர்” என்றாள். அவள் முகத்தில் இருந்த தெளிவு எனக்குச் செபத்தில்கூட வாய்த்ததில்லை. அப்படிப்பட்ட தியாகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தன் கையால், தன் மனதால், தன்னுடையதைக் கொடுப்பது. பிள்ளையின் படிப்பு தகப்பனுடையது அல்ல. பிள்ளையின் உடம்பு தரகருடையது அல்ல. அடுத்தவருடையதை எடுத்துப் பீடத்தில் வைத்துவிட்டுக் காணிக்கை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. 

ஆகவே தங்கச்சிமாரே, தம்பிமாரே, இந்தத் தவக்காலத்தில் சிலவற்றை மாற்றிச் செய்து பாருங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். உண்டியலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே நாளில் நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்வது வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு. மரியன்னைக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட பாடம் வரும்போது, கேள்வி கேட்ட மரியாளையும் நடிக்க வையுங்கள். பாடம் முடிந்து கடைசிப் பத்து நிமிசம் பிள்ளைகள் கேட்கட்டும், நீங்கள் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

வாங்குகளைத் தள்ளி வைத்த பிறகும் போகாமல் நிற்கிற பிள்ளையைப் பாருங்கள். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, அனுப்பப் போகிறார்கள், பயமாக இருக்கிறது என்று சொன்னால், நாலாம் கட்டளையை எடுக்காதீர்கள். அன்றைக்கே அவளோடு கூட நடந்து அந்த லயத்துக்குப் போங்கள். தகப்பனின் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். அவரைத் திட்டாதீர்கள், அவரும் கீழே கிடப்பவர். பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், வின்சென்ட் டி போல் சபையிடம் சொல்லுங்கள், நகையை மீட்க வழி தேடுங்கள். பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று எடுத்துச் சொல்லுங்கள். எதற்கும் வழியில்லை, நாளைக்குப் பஸ் ஏற்றப் போகிறார்கள் என்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு உடனே அழையுங்கள். இந்த ஞாயிறே அந்த எண்ணை வாஸ் அடிகளார் படத்துக்குக் கீழே, பிள்ளைகள் கண்ணுக்குப் படும் உயரத்தில், பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்: 1929.

அன்புடன்,
உங்களோடு கற்பித்த ஒருத்தி
கண்டி